கொலுசு இறுகின வாரம்

இப்பப் போகாத தங்கச்சி. செருப்புக் கடைக்காரன் சாப்பிடப் போயிருப்பான். ஷட்டரப் பாதி இறக்கி விட்டுட்டுப் போனான்னா மூணு மணிக்கு முன்னாடி வரமாட்டான். நான் இந்த ஆஸ்பத்திரி வாசல்ல மாசக்கணக்கா உட்கார்ந்திருக்கேன், எனக்குத் தெரியாதா? இப்படி நெழல்ல உட்காரு. வெயில்ல நடந்து போயி ஷட்டரப் பாத்துட்டு வர்றதுக்கு, என் பக்கத்துல உட்கார்ந்து ரெண்டு வாய் காத்து வாங்கு.

வீட்டுக்காரருக்கு வார்டுக்குள்ள போட வாங்குனதா? புதுசாத்தான இருக்கு. பத்தலையா? அவரே கால்ல போட்டுப் பாத்துத்தான் போன வாரம் வாங்குனாரா? அப்புறம் எப்படிப் பத்தாமப் போச்சு... சரி விடு, இங்க விக்கிற சரக்கு அப்படித்தான். தண்ணி பட்டாச் சுருங்கும். ஒரு நம்பர் பெருசாக் கேளு, மாத்திக் குடுப்பான்.

உன்னைய எதுக்குக் கூப்பிட்டேன்னா, உன் பையில இருந்து எட்டிப் பாக்குதுல்ல அந்த மாத்திரை அட்டை, பாதி மஞ்சளும் பாதி செங்கல் கலருமா, அதப் பாத்துத்தான். அந்த மாத்திரைய இந்த ஆஸ்பத்திரியில எல்லாரும் முழுங்க மாட்டாங்க. என் மக முழுங்குனா. உன் வீட்டுக்காரருக்கும் அதேதானா? எத்தனாவது வாரம்? ரெண்டாவதா? பயப்படாதன்னு சொல்ல ஆசைதான். எனக்கே பயம் போகல, உனக்கு எங்கிருந்து சொல்றது?

எங்களுக்கு அருப்புக்கோட்டை. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி ஜாக்கெட் தைக்கிறேன். இங்க எல்லாருக்கும் நான் டெய்லரம்மாதான், பேரு கேட்டாத் தெரியாது. ஒரு ஆளு என் கடைப் படி ஏறி வர்றதுக்குள்ள அளவு சொல்லிருவேன். டேப்பு சும்மா ஊருக்காக. போன தீபாவளிக்குத் தச்சவங்க இந்தத் தீபாவளிக்கு எம்புட்டு கூடியிருக்காங்க, எம்புட்டு வத்தியிருக்காங்கன்னு கண்ணே சொல்லும். இத எதுக்குச் சொல்றேன்னா, என் மக உடம்பு எனக்குத் தெரியாதுன்னு எவளும் சொல்லிற முடியாது. சொன்னா ஒருத்தி. வர்றேன், அதுக்குத்தான் வர்றேன்.

கோபிகா என் ஒரே மக. நர்சரி ஸ்கூல்ல டீச்சரா சேந்து நாலு மாசங்கூட ஆகல. பல்லு வெளக்கும்போது ரத்தம் வருதும்மான்னா. பிரஷ்ஷ அழுத்தித் தேய்க்காதடின்னு சொன்னேன். அப்புறம் தொடையில, முழங்கையில எல்லாம் நீலம் நீலமா. ஸ்கூல்ல பெஞ்சுல இடிச்சிருப்பான்னு நெனச்சேன். அந்த மாசம் அவளுக்குத் தீட்டு நிக்கவே இல்ல. நிக்கவே இல்லன்னா பாத்துக்க. ஊர் டாக்டரு ரத்தத்த டெஸ்ட் பண்ணிப் பாத்துட்டு, வீட்டுக்குக்கூட போகாதீங்க, இப்படியே மதுரைக்குக் கிளம்புங்கன்னு ஆம்புலன்சுல ஏத்தி விட்டாரு. கடையத் தொறந்து போட்டபடியே வந்தேன். மிஷின்ல ஒரு ஜாக்கெட் பாதியில நின்னுச்சு, ஊசி குத்துனபடியே.

இங்க ஒரு சின்ன வயசு டாக்டரம்மா. ரத்தப் புத்துநோய்னு பட்டுன்னு சொல்லிருச்சு. அதுலயும் இது அபூர்வமான வகையாம். எல்லாருக்கும் வர்றது இல்லையாம். கவனிக்காம விட்டா நாலு நாள்ல ரத்தம் கசிஞ்சே ஆளக் கொண்டுபோயிருமாம். ஆனா மொத ஒரு மாசத்த மட்டும் தாண்டிட்டா, இருக்கிற வகையிலயே நல்லா குணமாகறது இதுதானாம். உன்கிட்டயும் இப்படித்தான் சொல்லுச்சா? எனக்கு அதுல பாதி வார்த்தைதான் காதுல ஏறுச்சு. நாலு நாள்னு சொன்னதுல மண்டைக்குள்ள ஒரே இரைச்சல்.

மருந்து என்னன்னு கேட்டா, ஆர்சனிக்காம். ட்ரிப்சுல ஏத்துவாங்களாம். பக்கத்துல நின்ன நர்சு மெதுவா, அதுதாம்மா பாஷாணம்னுச்சு. எம் பிள்ளைக்கு வெஷத்தையா ஏத்தப் போறீங்கன்னு கத்திட்டேன். டாக்டரம்மா கோவிச்சுக்கல. அளவாக் குடுத்தா மருந்துதாம்மான்னாங்க. அவ ரத்தத்துல அணு எல்லாம் பிஞ்சுலயே நின்னு போயிருச்சு, பழுக்காம பெருகிக்கிட்டே இருக்கு, இந்த மாத்திரையும் மருந்தும் அதப் பழுக்க வைக்கும்னு சொன்னாங்க. பிஞ்சு பழுக்கிறது நல்லதுதானன்னு மனசத் தேத்திக்கிட்டேன்.

அப்ப இன்னும் என்னென்னவோ சொன்னாங்க. காய்ச்சல் வந்தாச் சொல்லணும், மூச்சு வாங்குனாச் சொல்லணும், தெனமும் எடை பாக்கணும். எடை எதுக்கு? கொறஞ்சிரக் கூடாதுன்னுதான இருக்கும். சீக்குன்னா உருக்கும், மருந்துன்னா தேத்தும். நான் பொறந்ததுல இருந்து பாத்தது அதுதான். அதனால தலையாட்டிட்டு வந்துட்டேன்.

பெண்கள் வார்டுல எங்களுக்குச் சன்னலோரக் கட்டில். பக்கத்துக் கட்டில்ல மலர்னு ஒரு பொண்ணு, போடிக்காரங்க. அவளுக்கு வேற வகை, நம்ம வகை இல்ல. ஆறு மாசமா உள்ளயும் வெளியவும் போயிட்டு வந்துக்கிட்டு இருந்தா. கண்ணு ரெண்டும் குழிக்குள்ள கெடக்கும். அவ ஆத்தா சீனியம்மா. ஏலத்தோட்டத்துக் காத்துல கத்திக் கத்திப் பேசுன தொண்டை, மெதுவாப் பேசவே வராது. எங்களுக்கு வெந்நி வாங்கிக் குடுத்தா, பழத்த வெளிய குடுத்துரு, பச்சையா எதுவும் குடுக்காத, கிருமி ஒட்டிக்கும்னு சொல்லிக் குடுத்தா, நான் இல்லேங்கல. ஆனா அவ கண்ணு இருக்கே தங்கச்சி, அது என் மக மேலயேதான் கெடக்கும். மொகத்தப் பாப்பா, காலப் பாப்பா, போர்வைய வெலக்கிப் பாப்பா. தன் பிள்ள குச்சியாக் கெடக்கும்போது அடுத்தவ பிள்ளைய எதுக்கு அப்படிப் பாக்கணும்? சொல்லு.

மருந்து ஏற ஆரம்பிச்சு ஒரு வாரம் தாண்டியிருக்கும். ஒருநா காலையில கோபிகாவுக்குத் தல சீவி விடும்போது பாத்தேன். கன்னம் நெறஞ்சிருக்கு. கண்ணுக்குக் கீழ இருந்த பள்ளம் மூடியிருக்கு. எனக்குச் சந்தோஷத்துல கையே ஓடல. கைய நீட்டச் சொல்லிப் பாத்தேன், ஜாக்கெட் கை தைக்கணும்னா அரை இஞ்சு கூட விடணும். கால்ல கொலுசு இறுகிப்போயி தோல்ல அச்சு பதிஞ்சிருந்துச்சு. லூசா ஆடிக்கிட்டுக் கெடந்த கொலுசு! என் பிள்ள தேறுறாடா சாமின்னு சன்னலப் பாத்துக் கும்புட்டேன். அவ மட்டும், கால் கனமா இருக்கும்மான்னா. படுத்தே கெடந்தா கனக்கத்தாண்டி செய்யும்னேன்.

சந்தோஷம் ஒரு நிமிசந்தான். அடுத்த நிமிசம் சுத்திப் பாத்தேன். இதச் சீனியம்மா பாத்தா? மத்த கட்டில்காரிக பாத்தா? அந்த வார்டுல இருக்கிற அத்தனை பிள்ளையும் தேஞ்சுக்கிட்டு இருக்கும்போது எம் பிள்ள மட்டும் பூசுனாப்ல இருந்தா எத்தனை கண்ணு விழும்? கொலுச மெதுவா எண்ணெ தடவிக் கழட்டி என் சுருக்குப் பையில போட்டேன். போர்வைய இழுத்துப் பாதம் வரைக்கும் மூடுனேன். காதுக்குப் பின்னாடி மையால ஒரு பொட்டு வச்சேன். தாய் வேற என்ன செய்ய முடியும்?

எடை மிஷினு எங்க இருந்துச்சு தெரியுமா? வார்டுக்கு அந்தக் கடைசியில. அது வரைக்கும் ஒவ்வொரு கட்டிலாத் தாண்டி நடக்கணும். ஏறி நின்னா அந்த நர்சு இந்தக் கடைசியில இருக்கிற மேசைக்குக் கேக்குற மாதிரி நம்பரக் கத்துவா. காய்கறிச் சந்தையில கூடக் கொஞ்சம் மெதுவாச் சொல்லுவாங்க. நான் அனுப்புவேனா? தூங்குறாம்மா, ராத்திரியெல்லாம் தூங்கல, நேத்து இருந்த எடைதான், எழுதிக்கங்கன்னேன். நர்சுக்கு நாப்பது வேலை, எழுதிக்கிட்டா. மறுநாளும் அதையே சொன்னேன். அதுக்கு மறுநாளும் சொன்னேன். எம் பிள்ள தேறுறது எனக்கும் அவளுக்கும் தெரிஞ்சாப் போதும், ஊருக்கு எதுக்கு?

அந்த நாலாவது நாளு மத்தியானம், நர்சு ட்ரிப்ஸ் பாட்டில மாத்திக்கிட்டு இருந்தா. கோபிகா தலகாணிய ஒசத்திக் கேட்டா. ரெண்டு தலகாணி வச்சும் சரியா இல்லன்னா. நான் எந்திரிச்சு மூணாவது தலகாணி எடுக்கப் போனேன். போர்வை வெலகிருச்சு. சீனியம்மா எட்டிப் பாத்தா. பாத்தவ சும்மா இருந்தாளா? வார்டே திரும்பிப் பாக்குற மாதிரி, நர்சு காதுக்குப் பக்கத்துல நின்னு கத்துறா.

"ஏத்தா டெய்லரு! உம் பிள்ள இம்புட்டு ஊதிட்டாளே! மொகத்தப் பாரு, காலப் பாரு! போன வாரம் குச்சியா இருந்த பிள்ள இம்புட்டு ஆயிட்டாளே!"

எனக்கு ஒடம்பெல்லாம் தீப்பிடிச்ச மாதிரி ஆயிருச்சு. "ஒன் வாய மூடு! நல்லா இருக்கிற பிள்ளையக் கண்ணு வைக்கிறியா?"ன்னு நானும் கத்தினேன். அவ என்னைய மதிக்கவே இல்ல. நர்சு கையப் பிடிச்சு இழுத்து, "காலத் தொட்டுப் பாரும்மா, தொட்டுப் பாரு"ங்குறா. நர்சு பாட்டில வச்சுட்டுக் குனிஞ்சு, கோபிகா கணுக்கால்ல கட்டைவெரல வச்சு அமுக்குனா. வெரல எடுத்தப்பறம் குழி அப்படியே நின்னுச்சு. பிசைஞ்ச மாவுல வெரல் வச்ச மாதிரி. நர்சு மொகம் மாறிருச்சு. ட்ரிப்ச நிறுத்திட்டு ஓடுனா.

அவ ஓடின பின்னாடி நடந்ததக் கேளு. டாக்டரம்மா ஓடி வந்து சேர்றதுக்குள்ள எம் பிள்ளைக்கு மூச்சு வாங்க ஆரம்பிச்சிருச்சு. சும்மா வாங்கல. ஓடி வந்த மாடு மாதிரி வாங்குச்சு. படுக்க முடியல, சாய முடியல. அம்மான்னு சொல்ல வாயத் தொறக்குறா, அந்த மூணு எழுத்து சேந்து வரல. ஒதடு நீலமாகுது. என் கையப் பிடிச்சா, நகம் பதியப் பிடிச்சா. கண்ணுல பயம். என் கண்ணப் பாத்து, நீ ஏதாவது பண்ணும்மாங்கிற மாதிரி ஒரு பார்வை. நான் என்னத்தப் பண்ணுவேன்? தைக்கத் தெரிஞ்சவ நான். ஆக்சிஜன் மாட்டி, ஊசி போட்டு, கட்டிலோட தள்ளிக்கிட்டு ஐ.சி.யூ.வுக்குள்ள போயிட்டாங்க. கதவு என் மொகத்துக்கு நேரா மூடிருச்சு.

எனக்கு அப்ப ஒரே ஒரு விஷயந்தான் தெரிஞ்சுச்சு. அவ வாய மூடுறதுக்குள்ள எம் பிள்ளைக்கு மூச்சு முட்டுது பாத்தியா? அவ சொன்னா, இவ விழுந்தா. வேற என்ன அத்தாட்சி வேணும்?

கண்ணு வச்சவ காலடி மண்ண எடுத்துச் சுத்திப் போடணும். ஆனா டைல்ஸ் தரையில மண்ணுக்கு எங்க போறது? வார்டுக்குத் திரும்பிப் போயி, ஒரு துணிய எடுத்துக்கிட்டு சீனியம்மா கட்டிலுக்கடியில குனிஞ்சு தொடச்சேன். மலருக்குக் கஞ்சி ஊட்டிக்கிட்டு இருந்தவ ரெண்டு காலையும் தூக்கிக்கிட்டா. நான் கூட்டுறேன்னு நெனச்சுக்கிட்டா. "அந்தப் பக்கமும் தூசி கெடக்கு பாரு, இங்க தூசி ஆகாது"ன்னு வேற சொன்னா. கல்லு மாதிரி ஒரு மனசு. அந்தத் தூசியோட உப்பும் மொளகாயும் சேத்து, காம்பவுண்டு சுவரோரம் தீ மூட்டிப் போட்டேன். பிள்ள உள்ள இருந்துச்சு, யாரச் சுத்துறது? ஐ.சி.யூ. சன்னல் இருக்கிற பக்கமாக் கையக் காட்டிச் சுத்துனேன். வாட்ச்மேன் வந்து கத்தோ கத்துன்னு கத்துனான். அவன் கெடக்கான், மொளகா நெடியே வரல. நெடி வராட்டி கண்ணு பட்டது நெசம்னுதான சொல்லுவாங்க?

மறுநாள் சாயங்காலம் டாக்டரம்மா வெளிய வந்தாங்க. மூச்சு சீராயிருச்சு, பொழச்சுக்கிட்டான்னாங்க. காலப் பிடிச்சு அழுதேன். அவங்கதான் சொன்னாங்க, இந்த மருந்துல அணுவெல்லாம் பழுக்கும்போது சில பேருக்கு ஒடம்புல, நுரையீரல்ல எல்லாம் நீர் கோத்துக்குமாம். அதுதான் மொகம் ஊதுறது, எடை கூடுறது. அதுக்குத்தான் தெனமும் எடை பாக்கச் சொல்றாங்களாம். எழுதுன எடையில ஒண்ணுமே தெரியலையே, எப்படித் தப்புச்சுன்னு அவங்களே தலையச் சொறிஞ்சாங்க. இன்னும் ஒரு நாள் இப்படியே மருந்து ஏறியிருந்தா எங்க கையிலயும் இல்லம்மான்னாங்க. மிஷினு பழுதா இருக்கும்னு நான் சொன்னேன். பின்ன, அத்தனை பேரு ஏறி எறங்குற மிஷினு.

படிச்சவங்க அவங்க, நீர் கோத்ததுன்னு சொல்றாங்க. கோத்திருக்கும், நான் இல்லேங்கல. ஆனா பத்துப் பன்னெண்டு நாளாக் கோக்காத நீரு, அவ கத்துன நிமிசத்துல நெஞ்சுக்கு ஏறுனது எப்படி? இதுக்கு மட்டும் அவங்ககிட்ட பதில் இல்ல. நான் கேக்கவும் இல்ல.

அதுக்கப்பறம் சீனியம்மாகூட நான் பேசல. வெந்நி கொண்டாந்து வச்சா, கீழ ஊத்துனேன். கோபிகா வார்டுக்குத் திரும்பி வந்தப்ப, நடுவுல ஒரு சேலையக் கட்டி மறைச்சேன். என்ன வெக்கங்கெட்டவளா இருந்தா அந்தச் சேலைய வெலக்கி எட்டிப் பாப்பா! நான் பேசாட்டியும் கோபிகாகிட்ட பேசிருவா. இவளும் பேசுவா. எம் பிள்ளைக்கு வெவரம் பத்தாது.

மலர் போயிட்டா. மழ பேஞ்ச ஒருநாள் காலையில. பாவந்தான், நான் அதுல எதுவும் சொல்ல மாட்டேன். சீனியம்மா தட்டு, தம்ளரு, மலரோட நைட்டி எல்லாத்தையும் மூட்டையாக் கட்டுனா. கெளம்பிப் போறவ, நேராப் போக வேண்டியதுதான? சேலைய வெலக்கிக்கிட்டு எங்க கட்டில்கிட்ட வந்து நின்னா. நான் மொகத்தத் திருப்பிக்கிட்டேன். அவ என்ன செஞ்சா தெரியுமா? தூங்கிக்கிட்டு இருந்த எம் பிள்ள கால்ல, கணுக்கால்ல, கட்டைவெரல வச்சு அமுக்கிப் பாத்தா. கொஞ்ச நேரம் குனிஞ்சு பாத்துக்கிட்டே நின்னா. அப்புறம் போர்வைய இழுத்து மூடிட்டுப் போயிட்டா. பெத்த பிள்ளையப் பறிகொடுத்துட்டுப் போற நேரத்துலயும் அவ கண்ணு எங்க இருந்துச்சு பாத்தியா?

இப்ப கோபிகா உள்ளதான் இருக்கா, ரெண்டாவது சுத்து மருந்து ஏறுது. எப்படி இருக்கான்னு கேக்காத. கேட்டா ஏதோ இருக்கான்னுதான் சொல்லுவேன். நல்லா இருக்கான்னு என் வாயால நான் சொல்றதே இல்ல. அவ சிரிச்சாலே எனக்குப் பக்குனுங்குது. அதனாலதான் உன்கிட்டச் சொல்றேன், யாரையும் உன் வீட்டுக்காரரப் பாக்க விடாத. யாராவது தேறிட்டாருன்னு சொன்னா அங்கயே வாய அடை. தேறிட்டாரான்னு கேட்டா, இல்ல இல்லன்னு...

என்ன சிரிக்கிற? நெசமாவே தேறிட்டாரா? மொகம் தெளிஞ்சிருக்கா? கன்னம் வச்சிருக்கா? உங்க மாமியா போன்ல பாத்துட்டு, கல்யாணத்தப்ப இருந்ததவிட நல்லா இருக்கான்னு சொன்னாங்களா.

இரு.

செருப்பு. அவரே போட்டுப் பாத்துத்தான வாங்குனாருன்ன? போன வாரம். ரெண்டு காலுக்கும் சரியா இருந்துச்சுன்ன. தண்ணியில நனைஞ்சுச்சா? நனையலையா? குடு அத. இது ரப்பரு. ரப்பரு எங்க சுருங்கும்? சுருங்காது, தங்கச்சி.

எத்தனை தலகாணி வச்சுப் படுக்கிறாரு? சொல்லு. எனக்குத் தெரியணும். நேத்து ஒண்ணு. இன்னைக்கு? ரெண்டு பத்தாம ஒன் போர்வையையும் சுருட்டி வச்சுட்டா வந்த?

ஐயோ. நான் என் வாயால சொல்லக்கூடாதே. சொன்னா என் கண்ணுதான் பட்டுச்சுன்னு ஆயிருமே. நாளைக்கு நீ என் காலடித் தூசிய எடுத்து நெருப்புல போடுவியே. சீனியம்மா வாயி மாதிரி என் வாயும் ஆயிருமே. தங்கச்சி, உன் மொகத்தப் பாத்துக்கிட்டு நான் எப்படி...

எந்திரி. எந்திரின்னு சொல்றேன்ல! அவரு தேறல. அது சதை இல்ல, ஊதியிருக்காரு. மாடி வார்டுக்கு ஓடு. கணுக்கால்ல கட்டைவெரல வச்சு அமுக்கு. குழி விழுந்து நின்னுச்சுன்னா, டாக்டர் வர்ற வரைக்கும் காத்திருக்காத. நர்சு வேலையா இருந்தாலும் கையப் பிடிச்சு இழு, தொட்டுப் பாரும்மான்னு இழு. நேத்து எடைதான்னு எதுவும் சொல்லிருக்கியா? சொல்லியிருந்தா, அதுவும் சொல்லு.

செருப்ப விடு, நான் பாத்துக்கிறேன். நான் கண்ணு வச்சேன்னே வச்சுக்க. நாளைக்கு வந்து என்னைய வாய்க்கு வந்தபடி திட்டு, நான் இங்கதான் இருப்பேன். இப்ப ஓடு. வார்டே திரும்பிப் பாக்குற மாதிரி கத்து.